அமரர் ஊர்தியில் ஒரு டொக் டொக்

நிதானம் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர், அமரர் ஊர்தி ஓட்ட வருவதற்கு முன் பதினோரு வருடம் ரொட்டி வண்டி ஓட்டினார். காலை ஏழு மணிக்குள் நாற்பத்திரண்டு கடைகளுக்கு ரொட்டி போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. சில நாள் கடைக்காரருக்கு முன்பே போய்ச் சேர்ந்து, மூடிய ஷட்டருக்கு வெளியே காத்திருந்தது. அப்போது அவரை யாரும் நிதானம் என்று கூப்பிடவில்லை. தெருக்காரர்கள் அப்போது கூப்பிட்ட பெயர்களை எழுத முடியாது.

பேக்கரியை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஓட்டுநர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு முகவரிக்குப் போனார். என்ன வண்டி என்று விளம்பரத்தில் போடவில்லை. போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. நிறுவனத்தை நடத்தியது அறுபது வயது அம்மாள் ஒருவர். கணவர் நடத்திய தொழில். அவரையும் அந்த வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் காலை வந்து கடையைத் திறந்தவர். கேள்வி பதில் எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

"நான் முன்னாடி நடக்கிறேன். நீங்க பின்னாடி ஓட்டிட்டு வாங்க. இன்ஜின் சூடு என் முதுகுல பட்டா, நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

இரண்டு தெரு நடந்தார். நடுவில் செருப்பில் கல் சிக்கி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வண்டியும் நின்றது. முதலாளியம்மா கல்லை எடுத்து எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பம்பருக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். வேலை கிடைத்தது.

முதல் மாதம் முழுக்க அவருடைய வலது கால் இரவில் தானாக மிதித்துக்கொண்டிருந்தது என்று மனைவி சொல்வார். பிறகு அடங்கியது. ஆறு வருடத்தில் அவர் சாப்பிடுவது, படியேறுவது, பேசுவது எல்லாமே அந்த வேகத்துக்கு இறங்கிவிட்டன. நிதானம் என்ற பெயர் அப்படி வந்தது. மனைவியின் தம்பிதான் வைத்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் தயாராக வைத்திருப்பான்.

மனைவிக்குச் சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசை வேலை. தைத்து முடித்த சட்டை அங்கே வரும். தையல், காலர், பொத்தான் எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் பெட்டிக்கு, இல்லாவிட்டால் திருப்பி. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. அவர் கையைத் தாண்டி ஒரு தளர்ந்த பொத்தான் வெளியே போனதாக வரலாறு இல்லை. கணவருக்கு என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "டிரான்ஸ்போர்ட்ல இருக்கார்" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை.

வண்டி நீளமானது. முன்னால் ஓட்டுநர் இருக்கை, அதற்குப் பின்னால் நெருங்கிய உறவுக்காரர்களுக்கு இரண்டு இருக்கைகள், அதற்கும் பின்னால் கண்ணாடி வைத்த பகுதி. பெட்டி அங்கே உருளைகள் மேல் ஏறி உட்காரும். நான்கு மூலையிலும் கொக்கி. கொக்கிகளை நிதானம் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அதனால் அந்தச் சத்தம் முதலில் கேட்டபோது அது கொக்கி இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்தது.

அன்று கொண்டுபோனது ஓய்வுபெற்ற வரி அலுவலர் ஒருவரை. நடு இருக்கைகளில் அவருடைய இரண்டு மகன்கள். பின்னால் ஐம்பது அறுபது பேர் நடந்து வந்தார்கள். முனையில் திரும்பும் இடத்தில் சாக்கடை மூடி ஒன்று உண்டு. சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது.

டொக் டொக்.

"என்ன அது?" என்றார் மூத்த மகன்.

"வண்டி சத்தம் சார்."

பத்தடி போனதும் சாலையில் ஒரு சின்னப் பள்ளம். டொக் டொக்.

"உள்ளேருந்து வருது" என்றார் இளைய மகன், ரொம்பத் தணிந்த குரலில்.

"இல்ல சார், முன்சக்கரத்துப் பக்கம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஓட்டிட்டு இருக்கீங்க. நாங்கதான் பெட்டி பக்கத்துல இருக்கோம்."

நிதானம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மகன்கள் இருவரும் இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். அப்பா எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தார். கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார். யாரோ கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் வந்து மரியாதைக்கு இன்னொரு தடவை நாடி பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பெட்டியை மூடினார்கள். மீதி வழியில் யாரும் பேசவில்லை. வண்டி மட்டும் நான்கு இடத்தில் பேசியது.

முதலாளியம்மா விஷயத்தை முழுசாகக் கேட்டார். "நம்ம வண்டியில எது வேணா சத்தம் போடலாம். தட்டுற சத்தம் மட்டும் கூடாது" என்றார்.

முதல் வைத்தியம் மச்சினனுடையது. "மாமா, இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் எதுக்கு? ரப்பர் காஞ்சிருக்கும். ஆயில் அடிச்சா போதும்" என்று ஒரு டப்பாவோடு வந்து, வண்டிக்கு அடியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் அடித்தான். வண்டிக்குக் கீழே தரை பளபளத்தது. மறுநாளும் டொக் டொக் கேட்டது. முன்னைவிட வழுவழுப்பாக இருக்கிறது என்றான் மச்சினன்.

அடுத்து மெயின் ரோட்டில் உள்ள பெரிய ஒர்க்‌ஷாப். அங்கே தரை கண்ணாடி மாதிரி. வண்டியைக் கொடுத்தால் கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைப்பார்கள். கம்ப்யூட்டர், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றது. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, தொங்கிய சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆடவில்லை. ஒரு பையன் வண்டியை வெளிவட்டச் சாலையில் அறுபதில் ஓட்டிவிட்டு வந்தான். அமரர் ஊர்தி அறுபதில் போவதைப் பார்த்த எதிர் வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். சத்தம் இல்லை என்று சீட்டில் எழுதினார்கள். இருந்தாலும் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி குலுங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். பழசாகத்தான் இருந்தது, மாற்றியதில் தப்பில்லை.

இரண்டு நாளில் சத்தம் திரும்ப வந்தது. நிதானம் மறுபடியும் போய் நின்றார்.

"சார், நாங்க ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் இல்ல" என்றார் அங்கே இருந்த மேற்பார்வையாளர். "இந்த மாதிரி வேலைல இருக்கிறவங்களுக்கு மனசுல ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கும். நாலு நாள் லீவு போடுங்க, சரியாயிடும்."

ஆறு வருடத்தில் நிதானம் நிதானம் இழந்தது அன்று ஒரு நாள்தான். வண்டியை எடுத்தார். மெயின் ரோட்டில் நாற்பதில் போனார்.

அந்த வாரம் ஒரு வயதான பெண்மணியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நடு இருக்கையில் அவருடைய கணவர் மட்டும். எண்பது வயது இருக்கும், காது மந்தம். ஏற்றிவிட்டவர்கள் அவர் காதருகே குனிந்து உரக்கப் பேசியதில் நிதானத்துக்கு அது தெரிந்தது. இவருக்குச் சத்தம் கேட்காது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சாக்கடை மூடி வந்தது. டொக் டொக். இருக்கை லேசாக அதிர்ந்தது.

பெரியவர் நிமிர்ந்தார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாக, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "இரு, வரேன்" என்றார்.

நிதானம் கண்ணாடியில் பார்த்தார். பெரியவர் அழவில்லை, பயப்படவில்லை. "காது கேக்கலைனு சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா" என்று ஓட்டுநரின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "கட்டில் அதிரும். எனக்குத் தெரிஞ்சுடும். சமையலறையில இருந்து கூப்பிடறதுன்னா அப்படித்தான்."

வண்டி சத்தம் என்று சொல்ல நிதானம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பெரியவர் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார். பெரியவர் கேட்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டு வந்தார். மருந்தை எடுத்து வைத்துவிட்டேன் என்றார். கதவைப் பூட்டியாகிவிட்டது என்றார். ஒரு தடவை, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

மயானத்துக்கு முன்னால் ஒரு ரவுண்டானா. அதைச் சுற்றிப் போடப்பட்ட கல் தளம் மேடும் பள்ளமும். அங்கே சத்தம் விடாமல் வந்தது. பெரியவர் முன்னால் குனிந்து நிதானத்தின் தோளைத் தொட்டார்.

"இன்னொரு சுத்து போகலாமா?"

போனார்கள். நடந்து வந்தவர்களும் கூடவே சுற்றினார்கள்.

அன்று மாலை நிதானம் வீட்டில் வந்து இதைச் சொன்னார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவர்கிட்ட சொல்லாம விட்டது தப்பா?" என்று கேட்டார் நிதானம்.

"அது தெரியல. ஆனா சத்தத்தை அப்படியே விட்டா தப்பு" என்றார் மனைவி. "சட்டையில ஒரு பொத்தான் தளர்வா இருந்தா போட்டுக் கழட்ட வசதின்னு யாராவது ஒருத்தர் சொல்வாங்க. அதுக்காக நான் அதை பாஸ் பண்ண முடியுமா?"

"பெரிய ஒர்க்‌ஷாப்லயே முடியலைன்னுட்டாங்க."

"எங்க சூப்பர்வைசரோட வண்டியை ஒரு பொண்ணுதான் ரிப்பேர் பண்ணுது. பின்தெருவுல. சக்கரம் நேராக்குற கடை. முன்சக்கரம் சம்பந்தப்பட்டது மட்டும்தான் பார்க்குமாம். இன்ஜினைக் கொண்டு போனா வேற ஆளைப் பாருங்கன்னுடுமாம்."

மறுநாள் மதியம் போனார். கடை என்பது ஒரு தகரக் கூரையும், ஒரு குழியும், சுவர் முழுக்கத் தொங்கிய ஸ்பேனர்களும்தான். மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அமரர் ஊர்தி என்று எழுதியிருந்ததைப் படித்தார்.

"சத்தம் எப்படி வருது, அண்ணே?"

"டொக் டொக்."

"டொக்கா, கடக்கா, லொடக்கா?"

நிதானம் யோசித்தார். "டொக்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"பிரேக் போடும்போது?"

"இல்ல."

"ஸ்டீரிங்கைத் திருப்பும்போது?"

"திருப்பிட்டே பள்ளத்துல இறங்கினா நல்லா கேக்கும்."

"என்ன வேகத்துல?"

"நடக்குற வேகத்துல. நான் அதுக்கு மேல போறதில்ல, தங்கச்சி."

"பெரிய ஒர்க்‌ஷாப்ல எந்த வேகத்துல பாத்தாங்க?"

"அறுபது."

மெக்கானிக் தலையை ஆட்டினார். அறுபதில் போனால் காற்றுச் சத்தம், டயர் சத்தம் எல்லாம் சேர்ந்து இதை மூடிவிடும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமலே தாண்டிவிடும் என்றார். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்ததிலும் பிரயோஜனம் இல்லை; சக்கரம் தொங்கினால் தேய்ந்த மூட்டெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இறுக்கமாக நிற்கும், ஆட்டினால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். பாரம் ஏறினால்தான் சுயரூபம் தெரியும்.

"காலியா வரும்போது சத்தம் வருமா?"

நிதானம் இதை யோசித்துப் பார்த்ததே இல்லை. "வராது. பாரம் இருந்தாத்தான்."

"எவ்வளவு பாரம்?"

"பெட்டியோட சேத்து நூத்திருபது, நூத்திமுப்பது கிலோ. நடு சீட்ல ரெண்டு பேர்."

"அப்ப அதே மாதிரி வேணும். பின்னாடி பாரம் ஏறினா முன்பக்கம் கொஞ்சம் தூக்கும், தேஞ்ச இடம் வேற கோணத்துல வரும். ஞாயித்துக்கிழமை வாங்க, தெரு அமைதியா இருக்கும். நான் மூணு மணல் மூட்டை வைக்கிறேன். ஆனா பின்னாடி காது ஒண்ணு வேணும். படுத்துட்டுக் கேக்கணும், உக்காந்தா உடம்பு சீட்டுல இருந்து வேற அதிர்வைச் சொல்லும். சத்தம் எங்கேருந்து வருதுன்னு கரெக்டா சொல்ற ஆளா இருக்கணும்."

வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தபோது மச்சினனும் இருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"எனக்கு முதுகு வலி" என்றான்.

"படுக்கத்தானே சொல்றாங்க" என்றார் அவன் அக்கா.

"அந்த மாதிரி படுக்கறதுக்கு டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "நான் படுக்கிறேன்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஆனால் இந்த ஆறு வருடத்தில் அந்த வண்டியில் அவர் கால் வைத்ததே இல்லை. நிதானம் ஏதோ சொல்ல வந்தார். "தளர்ந்தது எதுன்னு பாக்குறதுதானே என் வேலை" என்று மனைவி முடித்துவிட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. பின்தெருவில் ஒரு தையல்காரர், ஒரு சாவிக் கடைக்காரர், ஒரு சலவைக் கடை. கல் பாவிய தெரு. சோதனைக்கென்றே போட்ட மாதிரி மேடு பள்ளம். மெக்கானிக் பின்பகுதியில் மணல் மூட்டைகளை வைத்தார். அவற்றை ஒட்டி ஒரு போர்வையை விரித்து மனைவி படுத்துக்கொண்டார். கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. வெயில் கண்ணில் படுகிறது என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். நடு இருக்கையில் மச்சினனும், பாரத்துக்காக இன்னொரு மூட்டையும். நிதானம் வண்டியை எடுத்தார். மெக்கானிக் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் ஒரு கையை வைத்து, காது கொடுத்து, தலையைக் குனிந்தபடி கூடவே நடந்தார்.

முதல் சுற்றில் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்துச் சாவிக் கடைக்காரர் நின்றார். இரண்டாவது சுற்றில் சலவைக் கடையிலிருந்து இரண்டு பேர் இறங்கி, மெதுவாகப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். தலை குனிந்து நடக்கும் மெக்கானிக்கைப் பார்த்து, சொந்தக்காரர் போல என்று முடிவு செய்துகொண்டார்கள். இப்படி ஒரு காரியம் நடக்கும்போது என்ன ஏது என்று விசாரிப்பது அழகில்லை. மூன்றாவது சுற்றில் பின்னால் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மாடியிலிருந்து ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் ஜன்னல் வழியாக மச்சினனின் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க தம்பி. யாரு, அக்காவா?" என்று கேட்டார்.

"ஆமா, அக்காதான்" என்றான் மச்சினன். அதுவும் உண்மைதான்.

அந்த நேரத்தில் முனையில் வண்டி திரும்பியது. டொக் டொக்.

பின்பகுதியில் முந்தானை விலகியது. மனைவி முழங்கையை ஊன்றி எழுந்து, கண்ணாடியைத் தட்டி, "இடது பக்கம்" என்றார். "முதல் டொக் கீழ. ரெண்டாவது டொக் மேல. ரெண்டும் வேற வேற."

வண்டி நின்றது. பின்னால் நின்ற பத்தொன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, "சஸ்பென்ஷன் டெஸ்ட்" என்று விளக்கினார்.

யாரும் உடனே கலைந்துபோகவில்லை. அழுத பெண்மணி மாடியிலிருந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கைபிடித்தவர், என் நேரத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று மச்சினனிடம் குறைப்பட்டார். தையல்காரர் மட்டும் நிதானமாக முன்னால் வந்து, "எனக்கு வலது பக்கம்னு தோணுச்சு" என்றார். சாவிக் கடைக்காரர் அதை மறுத்தார். எப்படியும் அதற்குப் பிறகு அங்கிருந்த எல்லோருக்கும் அந்த வண்டியில் ஓர் அக்கறை வந்துவிட்டது.

மெக்கானிக் வண்டியைக் குழியின் மேல் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். சக்கரம் தரையில்தான் இருந்தது, மூட்டையும் இறக்கவில்லை. குழியில் இறங்கி நின்று இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். வண்டி திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ள, குறுக்கே ஒரு நீளக் கம்பி உண்டு. அதன் ஒவ்வொரு முனையையும் அந்தந்தப் பக்கச் சக்கரத்தோடு சேர்த்துவைப்பது சாண் நீளத் தண்டு ஒன்று. லிங்க் என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் தோள்மூட்டு மாதிரி ஒரு குண்டு மூட்டு.

"மச்சான், பம்பரைப் புடிச்சு அழுத்திவிடு" என்றார் நிதானம். மச்சினன் முதுகு வலியை மறந்து அழுத்தினான்.

"இங்க கையை வைங்க அண்ணே" என்றார் மெக்கானிக்.

நிதானம் குழிக்குள் இறங்கி அந்தத் தண்டைப் பிடித்தார். மேலே வண்டி அமுங்கி எழும்போது விரல்களுக்குள் ஒரு துடிப்பு. டக். ஒரு பல் ஆடுவது போல. மூன்று வாரமாகப் பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் அவருடைய கைக்குள் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். இன்னொரு தடவை.

"போதும் அண்ணே, அவர் மூச்சு வாங்குறார்" என்றார் மெக்கானிக்.

லிங்க்கைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. துருப்பிடித்த நட்டு சுலபத்தில் அசையவில்லை. கழன்று வந்ததைக் கையில் வைத்து ஆட்டினால், முனை தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது. ஒன்று மட்டும் மாற்றினால் மற்றது அடுத்த மாதம் கூப்பிடும் என்று இரண்டு பக்கமும் புதிது போட்டார். மறுபடியும் பாரத்தோடு ஒரு சுற்று. மனைவி மறுபடியும் படுத்தார். இந்த முறை யாரும் எழுந்து நிற்கவில்லை. கடை வாசல்களில் உட்கார்ந்து காது கொடுத்தார்கள்.

டொக்.

"ஒண்ணுதான்" என்றார் தையல்காரர்.

"ஒண்ணு போச்சு" என்றார் சாவிக் கடைக்காரர்.

மேலே என்று மனைவி சொன்னது மீதி இருந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். ஷாக் அப்சார்பரின் தலை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் திண்டு இருக்கும். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். திருப்பத் திருப்ப இடது பக்கம் கைக்கடியில் ஒரு துள்ளல். பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஷாக்கைப் புதிதாகப் போட்டவர்கள், மேலே இருந்த பழைய திண்டைத் துடைத்து அப்படியே வைத்துவிட்டார்கள். ரப்பர் இரும்பைவிட்டுக் கழன்று தனியாகக் கிடந்தது.

"புது மெத்தைல பழைய தலகாணி" என்றார் மெக்கானிக். அவர் அன்று சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

அதை மாற்றுவது எச்சரிக்கையான வேலை. ஸ்பிரிங்கை இரண்டு கவ்விகள் போட்டு அமுக்கினால்தான் தலையைக் கழற்ற முடியும். கவ்வி நழுவினால் ஸ்பிரிங் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். எல்லோரையும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். போய் நின்றார்கள். மெக்கானிக் தனியாக, இடது கவ்விக்கு நாலு சுற்று, வலது கவ்விக்கு நாலு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது ஆறு மணி ஆகிவிட்டது. பிறகு சக்கரங்களை நேராக்கினார்.

மூன்றாவது தடவை மனைவி படுத்தபோது தெரு முழுக்க அமைதி. ஒரு சுற்று. இரண்டு சுற்று. முனையில் திரும்பும்போது சாவிக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நின்று கதவைத் திறந்தபோது மனைவி எழுந்து வரவில்லை. நிதானம் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுவனத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் மனைவி, "நீங்க இவ்வளவு நல்லா ஓட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"ஆறு வருஷமா ஓட்டறேன்."

"யார் வந்து சொல்லியிருக்காங்க?"

அந்த வாரம் தொழிற்சாலையில் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை உங்களை ஒரு மாதிரி வண்டியில் பார்த்ததாகச் சொல்கிறார்களே என்று இழுத்தாள். "எங்க வீட்டுக்காரர் வண்டி. அமரர் ஊர்தி" என்று மனைவி சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

சத்தம் போன பிறகு முதலில் ஏறியது கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர். நடு இருக்கையில் அவருடைய மகள். பின்னால் மகனோடு நாற்பது பேர் நடந்து வந்தார்கள். நிதானம் சாக்கடை மூடியில் ஏறினார். இறங்கினார். ஒன்றும் இல்லை. பள்ளத்தில் இறங்கினார். ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் காதைத் தீட்டிப் பழகியிருந்தார். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் எதுவுமே வராமல் போனது. சத்தம் இல்லாததைக் கேட்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தார். ரவுண்டானாவில் இடது பக்கம் மயானத்துக்குத் திரும்ப வேண்டியவர், நேரே போய்விட்டார்.

ஆறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கடைகளைப் பார்த்து உறைத்தது. பின்னால் நாற்பது பேர் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்து வந்தார்கள். நடுத் தெருவில் அந்த வண்டியைத் திருப்புவது நடக்காத காரியம். அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டியதாயிற்று. இருபது நிமிடம் தாமதம்.

பெட்டியை இறக்கிய பிறகு மகள் அவரிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அப்பா கடை வழியா கூட்டிட்டுப் போனீங்க. நாங்க யாரும் சொல்லவே இல்லையே, எப்படித் தெரிஞ்சது?"

நிதானம் வண்டியைப் பார்த்தார். வண்டி அமைதியாக நின்றது.

"வழி தப்பிடுச்சும்மா" என்றார்.

மகள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். புது ஷூ கடித்து நொண்டிக்கொண்டு நின்ற மகன் மட்டும் அதை நம்பினார். முதலாளியம்மாவிடமும் நிதானம் நடந்ததை அப்படியே சொன்னார். அவர் கேட்டுவிட்டு, அடுத்த நாளுக்கான சீட்டை நீட்டி, "நாளைக்குப் பத்து மணிக்கு. இடது பக்கம் திரும்பணும்" என்றார்.